ஆஸ்பிரின் நேற்று நல்லது, இன்று வேண்டாமா? இதய நோய் ஆராய்ச்சியை எந்த அளவுக்கு நம்பலாம்

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. பல வருடங்களாகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். இப்போது அது வேண்டாம் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். கொலஸ்ட்ரால், ஸ்டென்ட் என்று எல்லாவற்றிலும் இப்படித்தான் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். இந்த ஆராய்ச்சிகள் எப்படித்தான் நடக்கின்றன? எதை நம்புவது?

பதில்:

முதலில் அப்பா விஷயம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவரைப் பார்க்கும் மருத்துவரிடம், "இது இவருக்கு எதற்காக எழுதப்பட்டது?" என்று மட்டும் கேளுங்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர், பைபாஸ் செய்துகொண்டவர், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தவர் என்றால், ஆஸ்பிரினோ அதே வேலையைச் செய்யும் வேறொரு மருந்தோ வேண்டும் என்பதில் இன்றுவரை பெரிய மாற்றம் இல்லை. அதிலும் ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கிறது என்றால், இஷ்டத்துக்கு நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

இதுவரை எதுவும் வந்ததில்லை, இனிமேலும் வராமல் இருக்கட்டும் என்றுதான் சாப்பிடுகிறார் என்றால், நீங்கள் கேள்விப்பட்ட செய்தி அவருக்குப் பொருந்தும். 2018இல் இது பற்றி மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்றின் பெயர் ஆஸ்ப்ரீ. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்கள், பெரும்பாலும் 70 தாண்டியவர்கள், அதில் பங்கெடுத்தார்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ரத்தக்கசிவு மட்டும் கூடியது. இன்னொன்று அசென்ட், 15,480 நீரிழிவுக்காரர்களை ஏழு வருடங்களுக்கு மேல் தொடர்ந்தது. பெரிய ரத்தக்குழாய்ப் பிரச்சினைகள் 9.6 சதவீதத்திலிருந்து 8.5ஆகக் குறைந்தன, பெரிய ரத்தக்கசிவு 3.2 சதவீதத்திலிருந்து 4.1ஆக ஏறியது. ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டால் 11 பேருக்கு நன்மை, 9 பேருக்குத் தீமை. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் முதியவருக்குப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க மருத்துவர்கள் தயங்குவதில் ஆச்சரியம் இல்லை.

ஆக, "நேற்று நல்லது, இன்று கெட்டது" என்பது இரண்டு வேறு கூட்டத்தாரைப் பற்றிய செய்திகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தது. காலமும் மாறியிருக்கிறது. பழைய ஆய்வுகளில் இருந்தவர்கள் அதிகம் புகைத்தார்கள், ரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் இன்றைய அளவு மருந்து அவர்களுக்கு இல்லை. அடிப்படை ஆபத்து குறைந்துவிட்டால் அதே மாத்திரை காப்பாற்றுகிறவர்களின் எண்ணிக்கையும் குறையும். ரத்தக்கசிவு ஆபத்து அப்படிக் குறைவதில்லை. வயதோடு ஏறத்தான் செய்யும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதய நோய் ஆராய்ச்சி மற்ற பல துறைகளைவிட நம்பத்தகுந்தது என்று நான் நினைக்கிறேன், அதற்குக் காரணம் அது தன் சொந்த நம்பிக்கைகளைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்திருப்பதுதான். உடலியல் காரணம் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும், ஆளை எண்ணிப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்று இந்தத் துறை கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

எண்ணுவது எங்கே தொடங்கியது? 1945இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். அன்றைக்கு அவருடைய ரத்த அழுத்தம் 300/190. அதற்கு முன்பே பல வருடங்களாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. வயதானால் அழுத்தம் ஏறுவது இயல்பு என்று அந்தக் கால மருத்துவர்களில் பலர் உண்மையாகவே நம்பினார்கள். 1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. சிகிச்சை எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை வரவழைத்துப் பரிசோதிப்பார்கள், யாருக்கு என்ன நோய் வருகிறது என்று குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பிறகு அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஆய்வு இன்றும் தொடர்கிறது. உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை, நீரிழிவு என்று இன்று எந்த மருத்துவமனைச் சுவரொட்டியிலும் இருக்கும் பட்டியலுக்கு முக்கியமான ஆதாரம் அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் அந்த ஊரில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளையர்கள். அங்கே கண்டது உலகத்துக்கே பொருந்துமா என்ற கேள்விக்கு 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை வராதவர்களோடு ஒப்பிட்டது. அளந்து பார்க்கக்கூடிய ஒன்பது காரணிகள் முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை விளக்கிவிட்டன, எல்லாக் கண்டங்களிலும். "எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை, எப்படி வந்தது?" என்று கேட்கிறவர்கள் உண்டு, அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மொத்த மக்களை எடுத்துக்கொண்டால் மர்மம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

இப்படிக் கூடவே இருந்து கவனிக்கும் ஆய்வு ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: இதுவும் அதுவும் சேர்ந்து வருகின்றன. இதைக் குறைத்தால் அது குறையுமா என்று சொல்லாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் விழுந்த கதைகளில் மிகக் கொடியது காஸ்ட் ஆய்வில் வெளிப்பட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாரடைப்பிலிருந்து மீண்டவர்களில் சிலருக்கு இதயத் துடிப்பின் நடுவே அவ்வப்போது ஒரு தப்புத் துடிப்பு விழும். அப்படி விழுகிறவர்கள் பின்னாளில் திடீரென இறப்பது அதிகம் என்று கவனித்திருந்தார்கள். அந்தத் தப்புத் துடிப்புகளை அடக்கும் மருந்துகள் இருந்தன: என்கைனைடு, ஃபிளெகைனைடு. கொடுத்துவிட்டு இசிஜி பார்த்தால் துடிப்பு சீராகிவிட்டது கண்ணெதிரே தெரியும். பிறகென்ன சந்தேகம்? ஏராளமான நோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இதைச் சோதிக்கிறேன் என்று பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது அநியாயம், தெரிந்தே சாகவிடுவதற்குச் சமம் என்று வாதிட்டவர்களும் உண்டு.

இருந்தாலும் சோதித்தார்கள். மருந்து யாருக்கு வேலை செய்கிறதோ, அதாவது தப்புத் துடிப்பு உண்மையிலேயே அடங்குகிறதோ, அவர்களை மட்டும் எடுத்துக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மருந்துக்கு இதைவிடச் சாதகமான ஏற்பாடு இருக்க முடியாது. சராசரியாகப் பத்து மாதம் கழித்து 1989இல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்ட 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 725 பேரில் 22 பேர். இசிஜி அழகாகிக்கொண்டே போயிருக்கிறது, ஆள் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். குலுக்கல் நடத்தியிருக்காவிட்டால் இது வெளியே வந்தே இருக்காது. மாரடைப்பு வந்தவர்கள் எப்படியும் சிலர் இறப்பார்கள் என்பது எல்லாரும் எதிர்பார்ப்பது; தனி ஒரு மருத்துவர் தன் அனுபவத்தில் இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்க வழியில்லை. "என் முப்பது வருட அனுபவத்தில்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இந்த 56உம் 22உம்தான் ஞாபகத்துக்கு வரும்.

நேர் எதிரான கதையும் உண்டு. இதயச் செயலிழப்பு, அதாவது போதிய ரத்தத்தை இறைக்க முடியாமல் இதயம் தளர்ந்துபோகும் நோய், வந்தவர்களுக்கு, துடிப்பின் வேகத்தையும் விசையையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து கொடுக்கவே கூடாது என்று வெகுகாலம் கற்பித்தார்கள். தளர்ந்துபோன இதயத்தை இன்னும் அடக்கும் மருந்தைக் கொடுப்பார்களா? 1975இல் சுவீடனின் கோதன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தேறினார்கள் என்று எழுதினார்கள். பெரும்பாலோர் நம்பவில்லை. ஏழு பேரை வைத்து நம்பாமல் இருந்ததும் சரிதான் என்பேன். 1999இல் சிபிஸ்-2 ஆய்வு 2,647 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது மருந்துக் குழுவில் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். தடைசெய்யப்பட்டிருந்த மருந்து கட்டாய மருந்தாக மாறக் கால் நூற்றாண்டு ஆனது.

எண்ணிக்கை ஏன் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று கேட்கலாம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து வந்து வெகுகாலம் ஆகியும் அது மாரடைப்பில் உதவுமா என்று தெரியாமலே இருந்தது. சின்னச் சின்ன ஆய்வுகள், ஒன்று ஆம் என்றால் இன்னொன்று இல்லை என்றது. மாரடைப்புக்கு ரத்தக்கட்டி காரணமா அல்லது அதன் விளைவா என்பதிலேயே சண்டை இருந்தது. 1980இல் மார்கஸ் டிவுட் குழுவினர், நெஞ்சுவலி தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் வந்த 126 பேருக்கு ஆஞ்சியோ (இதயக் குழாய்களுக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்) செய்து பார்த்து, 110 பேருக்குக் குழாய் முழுதாக அடைத்திருந்ததைக் காட்டியபோதுதான் அந்தச் சண்டை அடங்கியது. 1986இல் இத்தாலியில் 11,712 பேரிடம் நடந்த ஜிஸ்ஸி ஆய்வு ஸ்ட்ரெப்டோகைனேஸ் உயிர் காக்கிறது என்று நிரூபித்தது. 1988இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நடத்தப்பட்ட ஐசிஸ்-2, 16 நாடுகளில் 17,187 பேரைச் சேர்த்தது. இரண்டு மருந்தும் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்துக்குள் 13.2 சதவீதம் பேர் இறந்தார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் இரண்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். ஆஸ்பிரினின் இடம் இங்கேதான் உறுதியானது. அதற்கு 30 வருடங்களுக்கு முன்பே லாரன்ஸ் கிரேவன் என்ற கலிஃபோர்னியா மருத்துவர், ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்கும் என்று தன் நோயாளிகளைப் பார்த்து எழுதியிருந்தார். ஆஸ்பிரின் சாப்பிடாதவர்களோடு ஒப்பிடவில்லை என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

ஐசிஸ்-2இல் ஒரு வேடிக்கை இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. எந்த வயதினருக்கு நல்லது, ஆணுக்கா பெண்ணுக்கா என்று பிரித்துப் பிரித்துக் காட்டச் சொல்லி இதழாசிரியர்கள் வற்புறுத்தினார்கள். அப்படிப் பிரிப்பது எவ்வளவு ஆபத்து என்று காட்டுவதற்காக ஆய்வாளர்கள் பிறந்த தேதியை வைத்து ராசி வாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மேற்கத்தியக் கணக்கில் மிதுனத்திலும் துலாமிலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் லேசாகக் கெடுதல், மற்ற பத்து ராசிக்கும் பிரமாதமான நன்மை! அச்சில் இன்றும் அப்படியே இருக்கிறது. "இந்த மருந்து இடதுகைக்காரர்களுக்கு மட்டும் வேலை செய்கிறது" என்கிற மாதிரி செய்தி எதைப் படித்தாலும் மிதுனத்தையும் துலாமையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே கவனமாகப் பிரித்துப் பேச வேண்டும், இல்லாவிட்டால் ஆள் செத்துவிடுவார். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது, அடைத்த குழாயை ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, அதாவது உள்ளே பலூனை நுழைத்து விரித்து, திறப்பது உயிர் காக்கும். அதில் சர்ச்சை இல்லை; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சர்ச்சையெல்லாம் வேறு வகை நோயாளியைப் பற்றியது: மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது, மாதக்கணக்கில் இப்படியே இருக்கிறது. ஆஞ்சியோவில் 80 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைத்தால் மாரடைப்பு வராமல் தடுக்கலாமா?

2007இல் கரேஜ் ஆய்வு, 2,287 பேர்: நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டும் சேர்ந்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. ஆய்வில் மோசமான நோயாளிகளைச் சேர்க்கவில்லை என்று குறை சொன்னார்கள். சரி என்று இஸ்கீமியா ஆய்வு, 37 நாடுகளில் 5,179 பேர், சோதனையில் ரத்த ஓட்டக் குறைவு நன்றாகத் தெரிந்தவர்களையே எடுத்தது. 2020இல் வெளியான அதிலும் அதே விடை. இடது முதன்மைக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும் இதயம் மிகவும் தளர்ந்தவர்களும் இந்த ஆய்வில் இல்லை, அவர்களுக்கு இந்த விடை பொருந்தாது.

இது பலருக்கு ஜீரணமாகாததற்குக் காரணம், நம் மனதில் இருக்கும் தண்ணீர்க் குழாய் அடைப்பு என்ற படம். அடைப்பை எடுத்தால் பிரச்சினை தீர வேண்டுமே? ஆனால் கொழுப்புப் படிவு குழாயின் உட்சுவருக்குள் நெடுக இருக்கும் நோய். படத்தில் பெரிதாகத் தெரியும் இடம் ஒன்றிரண்டு. மாரடைப்பைக் கொண்டுவருவது, பெரும்பாலும் அவ்வளவாகக் குறுகாத வேறோர் இடத்தில் மெல்லிய மூடி கிழிந்து, அங்கே ரத்தம் உறைவது. ஸ்டென்ட் ஓரிடத்தைச் சரிசெய்யும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின், ரத்த அழுத்த மருந்து, புகையை விடுவது எல்லாம் மொத்த நீளத்துக்கும் வேலை செய்யும்.

வலியாவது குறையுமா? இதற்கு விடை தேடிய விதம் சுவாரசியமானது. 1950களில் நெஞ்சுவலிக்கு, மார்பின் உட்பக்கத் தமனியைக் கட்டிவிடும் ஓர் அறுவை சிகிச்சை பிரபலமாக இருந்தது. நோயாளிகள் தேறியதாகச் சொன்னார்கள். 1959இல் லியோனர்ட் காப் குழுவினர் 17 பேரை எடுத்து, பாதிப் பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். அவர்களும் அதே அளவு தேறினார்கள். அறுவை சிகிச்சை வழக்கொழிந்தது. கிட்டத்தட்ட 60 வருடங்கள் கழித்து, 2017இல், பிரிட்டனில் ஆர்பிட்டா ஆய்வு இதே காரியத்தை ஸ்டென்டுக்குச் செய்தது. 200 நோயாளிகள், யாருக்கு வைத்தார்கள் என்று தெரியாமல் இருக்க மயக்க மருந்து, காதில் பாட்டு. பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைக்காமலே வெளியே அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்து நடைப்பட்டையில் (டிரெட்மில்) நடக்க முடிந்த நேரத்தில் இரு குழுவுக்கும் வித்தியாசம் 16.6 விநாடி, புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. இதய மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். அதே குழு 2023இல், வலி மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி செய்தபோது, ஸ்டென்ட் வலியைக் குறைப்பது தெரிந்தது. ஆக, இன்றைய நிலை இதுதான்: நிலையான நெஞ்சுவலிக்காரருக்கு ஸ்டென்ட் என்பது வலிக்கான சிகிச்சை, ஆயுளுக்கானது அல்ல. "உடனே வைக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் போய்விடுவார்" என்று இந்த வகை நோயாளியின் குடும்பத்தைப் பயமுறுத்துவதற்கு ஆதாரம் இல்லை.

கொலஸ்ட்ரால் பக்கம் வருவோம். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் எல்.டி.எல். வகை கெட்டது, எச்.டி.எல். வகை நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். எச்.டி.எல். அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது ஃபிரேமிங்ஹாமிலேயே தெரிந்ததுதான். அதை ஏற்றும் மருந்தாக டார்செட்ராபிப் வந்தது. எச்.டி.எல். 72 சதவீதம் ஏறியது, எல்.டி.எல்.உம் 25 சதவீதம் இறங்கியது. தாளில் பார்த்தால் கனவு மருந்து. 15,067 பேரிடம் சோதித்தபோது மருந்துக் குழுவில் மரணம் அதிகம் என்று தெரிந்து 2006 டிசம்பரில் நிறுத்தினார்கள். ரத்த அழுத்தத்தை ஏற்றுவது போன்ற பக்கவிளைவுகள் அந்த மருந்துக்கு இருந்தன என்பது ஒரு பகுதி விளக்கம். மீதி விளக்கம் மரபணுவிலிருந்து வந்தது. எந்த மரபணு வடிவம் யாருக்கு வாய்க்கிறது என்பது கருத்தரிக்கும்போதே நடந்துவிடும் ஒரு குலுக்கல். எனவே பிறவியிலேயே எச்.டி.எல். அதிகமாக இருக்கும்படி வாய்த்தவர்களை எடுத்துப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் வெளியானது. எச்.டி.எல். நோயின் அடையாளமாக இருந்திருக்கிறது, காரணமாக அல்ல.

எல்.டி.எல். இதே தேர்வில் தேறிவிட்டது. 2003இல் பாரிஸ் ஆய்வாளர்கள், கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்த சில குடும்பங்களில் பிசிஎஸ்கே9 என்ற மரபணுவில் மாற்றத்தைக் கண்டார்கள். டெக்சாஸில் ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹெனும் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டார்கள்: இந்த மரபணு பழுதாகி வேலை செய்யாமல் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? இருந்தார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் அப்படிப்பட்டவர்களின் எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு. கரோனரி (இதய ரத்தக்குழாய்) நோய் 88 சதவீதம் குறைவு என்று 2006இல் எழுதினார்கள். மருந்தால் எல்.டி.எல்.ஐ அதே அளவு குறைத்தால் இவ்வளவு நன்மை கிடைப்பதில்லை. பிறந்ததிலிருந்து குறைவாக இருப்பதற்கும் அறுபது வயதில் குறைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. இதைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015இல் சந்தைக்கு வந்தன, அதாவது மரபணு கண்டுபிடித்து 12 வருடத்தில். "கொலஸ்ட்ரால் என்பதே கட்டுக்கதை" என்று சொல்லித் திரிகிறவர்கள் ஒரு மருந்தையோ ஒரு கம்பெனியையோ தாக்கினால் போதாது. ஸ்டேட்டின் ஒரு வழியில் குறைக்கிறது, இந்த ஊசி வேறு வழியில், எஸெட்டிமைப் மாத்திரை மூன்றாவது வழியில், பிறவி மரபணு நான்காவது வழியில். எல்லா வழியிலும் எல்.டி.எல். குறைந்தால் மாரடைப்பு குறைகிறது. இத்தனைக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

தற்செயலாகக் கிடைத்ததும் உண்டு. நீரிழிவு மருந்து ஒன்று இதயத்துக்குக் கெடுதல் செய்யலாம் என்று 2007இல் கிளம்பிய சர்ச்சையால், புதிய நீரிழிவு மருந்து எதுவாக இருந்தாலும் இதயத்துக்குப் பாதகமில்லை என்று காட்ட வேண்டும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் விதி போட்டது. கம்பெனிகள் முணுமுணுத்தன. அந்த விதிக்காக நடத்திய ஆய்வுகளில் ஒன்றில், 2015இல், எம்பாகிளிஃப்ளோசின் இதய மரணத்தை 38 சதவீதம் குறைத்திருந்தது. பிறகு அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசினை நீரிழிவே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளிடமும் சோதித்தார்கள். 2019இல் அங்கேயும் பலன். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து இதயத்துக்கு எப்படி உதவுகிறது என்பதற்கு அரை டஜன் விளக்கங்கள் உலவுகின்றன, எதுவும் முடிவாகவில்லை. மருந்து அதற்காகக் காத்திருக்கவில்லை.

செய்தியை எப்படிப் படிப்பது என்றால், முதலில் சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள். 2015இல் ஸ்பிரின்ட் ஆய்வு: மேல் ரத்த அழுத்தத்தை 140க்குக் கீழே வைப்பதற்குப் பதில் 120க்குக் கீழே கொண்டுவந்தால் பெரிய பிரச்சினைகள் 25 சதவீதம் குறையும். சரிதான். அதே ஆய்வில், அந்தப் பிரச்சினைகள் வருடத்துக்கு 2.19 சதவீதம் பேருக்கு வந்தது 1.65ஆகக் குறைந்தது என்பதும் சரிதான். இரண்டும் ஒரே உண்மை. முதலாவது தலைப்பாகும், இரண்டாவதுதான் உங்களுக்கு உதவும், ஏனென்றால் தலைசுற்றல், மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு போன்ற தீமைகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அடுத்து, எது குறைந்தது என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனை எண்ணா, மரணமா? பல விளைவுகளை ஒரே மூட்டையாகக் கட்டி "குறைந்தது" என்பார்கள். பிசிஎஸ்கே9 ஊசி ஒன்றை 27,564 பேரிடம் சோதித்த ஃபூரியர் ஆய்வில் மூட்டை 15 சதவீதம் குறைந்தது. அதற்குள் இருந்த இதய மரணம் மட்டும் அந்த இரண்டு சொச்சம் வருடங்களில் குறையவில்லை. மருந்து வீண் என்று அர்த்தமில்லை, மாரடைப்பு குறைவதும் பெரிய விஷயம்தான். ஆனால் "உயிர் காக்கும் ஊசி" என்று எழுதினால் அந்த ஆய்வு அதைச் சொல்லவில்லை.

கடைசியாக, ஆய்வின் நோக்கத்தை முன்கூட்டியே பதிவு செய்தார்களா என்பது. அமெரிக்க தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் பணம் கொடுத்த பெரிய ஆய்வுகளை இரண்டு பேர் அலசி 2015இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2000க்கு முன் வெளியான 30 ஆய்வுகளில் 17இல் சிகிச்சை பலன் தந்ததாக முடிவு. எதை அளக்கப்போகிறோம் என்று முதலிலேயே பதிவு செய்வது வழக்கமான பிறகு, 25இல் 2. அம்பு விட்ட பிறகு இலக்கை வரையும் வசதி போய்விட்டது என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் முக்கியமானது. பழைய முடிவுகளை இன்றைக்குத் திரும்பச் சோதிப்பதை நான் வரவேற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மோசடியும் இந்தத் துறையில் நடந்திருக்கிறது. இதயத்தில் ஸ்டெம் செல் இருக்கிறது, அதை வைத்துச் செத்த தசையை மறுபடி வளர்க்கலாம் என்று பல வருடங்கள் ஏராளமான பணமும் நம்பிக்கையும் கொட்டப்பட்டன. 2018இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியே, அந்தக் கருத்தை முன்னெடுத்த ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொன்னது. இதயத் தசை எவ்வளவு புதுப்பிக்கப்படுகிறது என்பதற்கான நேர்மையான விடை வேறு திசையிலிருந்து 2009இல் வந்திருந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 கூடியது, பிறகு படிப்படியாகக் குறைந்தது. ஒரு செல் பிறந்த ஆண்டு அதன் டி.என்.ஏ.வில் முத்திரையாக விழுந்துவிடும். சுவீடன் ஆய்வாளர்கள் அதை அளந்து பார்த்தார்கள்: 25 வயதில் இதயத் தசைச் செல்கள் வருடத்துக்கு ஒரு சதவீதம் புதிதாகின்றன, 75இல் 0.45 சதவீதம். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் பாதிகூட மாறுவதில்லை. மாரடைப்பில் போன தசை போனதுதான்; நேரத்தோடு மருத்துவமனை போய்ச் சேர்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இப்போது நடப்பதில் நான் கவனித்துக்கொண்டிருப்பது இரண்டு. ஒன்று அழற்சி. 2017இல் கான்டோஸ் ஆய்வு, கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கினாலே மாரடைப்பு குறையும் என்று 10,061 பேரில் காட்டியது, ஆனால் உயிர்க்கொல்லித் தொற்றுகள் கூடின. அடுத்து, கீல்வாதத்துக்குக் கொடுக்கும் பழைய, மலிவான கோல்ச்சிசினை எடுத்தார்கள்: 2019, 2020 ஆய்வுகளில் பலன், 2024இல் வந்த பெரிய ஆய்வில் பலன் இல்லை. நாளை இதைப் பற்றியும் "மாற்றிப் பேசுகிறார்கள்" என்று செய்தி வரும். இன்னும் முடிவடையாத கணக்கு அது. இன்னொன்று மரபணுத் திருத்தம். பிசிஎஸ்கே9ஐக் கல்லீரலுக்குள்ளேயே ஒரே தடவையில் அணைத்துவிடும் சிகிச்சையை 2022இல் நியூசிலாந்தில் முதல் மனிதருக்குக் கொடுத்தார்கள். எல்.டி.எல். குறைந்தது. ஆனால் அந்த முதல் வடிவத்தில் கல்லீரல் நொதி, ரத்தத் தட்டணு எண்ணிக்கைகளில் கோளாறு தெரிந்ததால் 2024இல் ஆள் சேர்ப்பை நிறுத்தி, மருந்தைக் கல்லீரலுக்குச் சுமந்து செல்லும் வேறு வாகனத்தில் ஏற்றிய அடுத்த வடிவத்துக்குப் போனார்கள். மாத்திரையை நிறுத்தலாம், திருத்திய மரபணுவை நிறுத்த முடியாது. அதனால் இதில் ஆளை எண்ணும் வேலை பத்திருபது வருடங்கள் இழுக்கும்.